ஜூரி முன் நிற்பதற்கு முன்னால்: மாதிரி விசாரணை, ஃபோகஸ் குரூப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஒருவர் மீது குற்ற வழக்கு பதிவாகி, அது ஜூரி (வழக்கைக் கேட்டுத் தீர்ப்பு சொல்லும் பொதுமக்கள் குழு) விசாரணை வரைக்கும் போகப் போகிறது என்றால், ஒரு கட்டத்தில் வக்கீல் அலுவலகத்திலிருந்து இந்தப் பேச்சு வரும்: "மாதிரி விசாரணை ஒன்று வைத்துப் பார்க்கலாமா?" வீட்டில் இருப்பவர்களுக்கு முதலில் எரிச்சல்தான் வரும். உண்மையான விசாரணைக்கே பணம் புரட்ட முடியாத நேரத்தில் இது என்ன நாடகம் என்று கேட்பார்கள். அப்படிக் கேட்பவர்களையும் சட்டம் படிக்கும் மாணவர்களையும் மனத்தில் வைத்து எழுதியது இது. எல்லாமே அமெரிக்க நடைமுறை. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் என்பதால், உங்கள் வழக்கில் உங்கள் வக்கீல் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மாதிரி விசாரணைக்கும் ஃபோகஸ் குரூப்புக்கும் என்ன வித்தியாசம்?

மாதிரி விசாரணை ஒத்திகை மாதிரி. ஒரு வக்கீல் அரசுத் தரப்பாகவும் இன்னொருவர் எதிர்த்தரப்பாகவும், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பாகவும், நின்று வாதாடுவார்கள். சாட்சியங்களைச் சுருக்கிக் காட்டுவார்கள். நீதிபதி ஜூரிக்கு வாசிக்கும் சட்ட விளக்கத்தையும் வாசிப்பார்கள். பிறகு, கூலி கொடுத்து அழைத்துவந்த பொதுமக்கள் ஓர் அறையில் உட்கார்ந்து, உண்மையான ஜூரியைப் போலவே விவாதித்துத் தீர்ப்பு சொல்வார்கள். அந்த விவாதத்தை வக்கீல்கள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்தோ கேமரா வழியாகவோ பார்ப்பார்கள்.

ஃபோகஸ் குரூப்பில் வாதமும் இல்லை, தீர்ப்பும் இல்லை. எட்டுப் பத்துப் பேரைச் சுற்றி உட்காரவைத்து, வழக்கின் விவரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி, அவர்கள் என்ன நினைக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள், எங்கே முகம் சுளிக்கிறார்கள் என்று கவனிப்பதோடு சரி. வழக்கின் ஆரம்பத்தில் உதவுவது இது. மாதிரி விசாரணைக்கு வாதம் ஓரளவு உருவாகியிருக்க வேண்டும், அதனால் அது பிறகுதான் வரும்.

நம் ஊரில் வக்கீல்கள் இப்படிச் செய்வதாகக் கேள்விப்பட்டதே இல்லையே?

இந்தியாவில் ஜூரி இல்லை, அதனால் இதற்கு வேலையும் இல்லை. 1959-ல் பம்பாயில், கடற்படை அதிகாரி நானாவதி மீதான கொலை வழக்கில் ஜூரி 8-1 என்று குற்றவாளி இல்லை என்றது. செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார், அங்கே தண்டனை விதிக்கப்பட்டது, 1961-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஜூரி முறை படிப்படியாகக் கைவிடப்பட்டு, 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு முழுவதும் போய்விட்டது. சட்டக் கல்லூரிகளில் நடக்கும் 'மூட் கோர்ட்' மாணவர் பயிற்சி. இங்கே பேசப்படுவது வேறு.

இலங்கையில் உயர் நீதிமன்றக் குற்ற வழக்குகளில் ஏழு பேர் ஜூரி இன்னும் உண்டு. எந்த மொழி பேசுவோர் பட்டியலிலிருந்து ஜூரி வேண்டும் என்று குற்றம் சாட்டப்பட்டவர் கேட்கவும் முடியும். தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் கொலை வழக்கில் 2016 டிசம்பரில் விடுதலைத் தீர்ப்பு சொன்னது சிங்களம் பேசும் ஜூரிதான். ஜூரியில் யார் உட்காருகிறார்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஈழத்தமிழ் வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

ஜூரி அறைக்குள் என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை வக்கீல்களுக்கு என்றைக்குமே உண்டு. 1954-ல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கான்சாஸ் மாநிலத்து விசிட்டாவில், நீதிபதியின் சம்மதத்தோடு, சில சிவில் வழக்குகளில் ஜூரி பேசியதை அவர்களுக்கே தெரியாமல் ஒலிப்பதிவு செய்தார்கள். அடுத்த வருடம் விஷயம் வெளியே வந்து பெரிய கொந்தளிப்பானது. 1956-ல் கூட்டாட்சி (மத்திய அரசு) நீதிமன்ற ஜூரியின் விவாதத்தைப் பதிவு செய்வதையே குற்றமாக்கிச் சட்டம் வந்தது. உண்மையான அறையின் கதவு அப்படிச் சாத்தப்பட்டுவிட்டதால், மாதிரி அறை ஒன்றை உருவாக்கித்தான் பார்க்க முடியும் என்ற நிலை.

குற்ற வழக்கின் எதிர்த்தரப்பு சமூக அறிவியலாளர்களின் கையைப் பிடித்த முதல் பெரிய சம்பவம் 1972-ல் நடந்தது. வியட்நாம் போரை எதிர்த்த பாதிரியார் பிலிப் பெரிகனும் இன்னும் ஆறு பேரும், அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் ஹென்றி கிசிஞ்சரைக் கடத்தச் சதி செய்தார்கள் என்று பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க்கில் நிறுத்தப்பட்டார்கள். பழமைவாதம் ஊறிய பகுதி அது. சமூகவியலாளர் ஜே ஷுல்மனும் உளவியலாளர் ரிச்சர்ட் கிறிஸ்டியும் தொண்டர்களைத் திரட்டி, அந்தப் பகுதியில் 840 பேரிடம் தொலைபேசியில் பேசினார்கள், அதில் ஒரு பகுதியினரை நேரிலும் கண்டார்கள். படித்தவர்கள் போர் எதிர்ப்பாளர்கள் பக்கம் இருப்பார்கள் என்றுதான் வக்கீல்கள் நம்பியிருந்தார்கள். அந்த ஊரில் அப்படி இல்லை என்று கணக்கெடுப்பு சொன்னது. ஜூரித் தேர்வின் கணக்கே மாறிப்போனது. எதிர்த்தரப்பு ஒரு சாட்சியைக்கூட அழைக்கவில்லை. சதிக் குற்றச்சாட்டில் ஜூரி 10-2 என்று விடுதலைப் பக்கம் சாய்ந்து, ஒருமனதாக முடியாமல் கலைந்தது. சிறையிலிருந்து கடிதம் கடத்தியதற்கு மட்டும் இருவருக்குத் தண்டனை.

அது மாதிரி விசாரணை அல்ல, மக்கள் கருத்துக் கணக்கெடுப்பு. ஆனால் "ஊர் என்ன நினைக்கிறது என்று ஊகிக்காதே, போய்க் கேள்" என்ற பழக்கம் அங்கிருந்துதான் பிடித்துக்கொண்டது. காசில்லாத போராளிகளுக்காகத் தொடங்கிய இந்த வேலை, சில வருடங்களிலேயே பெரிய கம்பெனிகளின் சிவில் வழக்குகளுக்குப் போய்விட்டதில் எனக்கு வருத்தம் உண்டு.

இருபது வருடம் அனுபவமுள்ள வக்கீல். ஜூரி எப்படி யோசிக்கும் என்று அவருக்கே தெரியாதா?

தெரியும். ஆனால் தன் வழக்கில் தெரியாது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஒரு வழக்கோடு எட்டு மாதம் வாழ்ந்தவருக்கு, அதை முதல் தடவையாகக் கேட்கிறவரின் காது போய்விடுகிறது.

கற்பனையாக ஒரு வழக்கைச் சொல்கிறேன். கீழே பல இடங்களில் இதையே எடுத்துக்கொள்வேன். இரவு பதினொரு மணி, பெட்ரோல் பங்க் வாசல். இரண்டு இளைஞர்களுக்குள் தகராறு. ஒருவன் இன்னொருவனைத் தள்ளுகிறான், தள்ளப்பட்டவன் கையில் ஒரு சிறு கத்தி, எதிராளிக்குக் காயம். கத்தி வைத்திருந்தவன் அங்கிருந்து ஓடிவிட்டான். மறுநாள் காலையில் போலீஸ் பிடித்தது. தற்காப்பு என்கிறான். அவனுடைய வக்கீல் மூன்று மாதமாக சிசிடிவி கோணத்தையும் காயத்தின் சாய்வையும் நிபுணர்களோடு ஆராய்ந்து வைத்திருக்கிறார்.

பத்துப் பேரை உட்காரவைத்து இதைச் சொன்னால் அவர்கள் காயத்தின் சாய்வைப் பற்றிப் பேச மாட்டார்கள். "தப்பு செய்யாதவன் ஏன் ஓடினான்? ஏன் 911-ஐ (அவசர உதவி எண்) கூப்பிடவில்லை?" என்பார்கள். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம் என்று நாம் சொல்வதைத்தான் அவர்கள் அவர்கள் மொழியில் சொல்வார்கள். அடுத்து ஒருவர் கேட்பார்: "இவன் பாக்கெட்டில் கத்தி எதற்கு?" அப்போதுதான் வக்கீலுக்கு உறைக்கும். பையன் கிடங்கில் வேலை செய்கிறவன், அது அட்டைப்பெட்டி வெட்டும் கத்தி, வேலை முடிந்து நேராக வந்தவன். அவருக்கு அது முதல் நாளே தெரிந்த விஷயம் என்பதால் சொல்லவே தோன்றவில்லை. கிடங்கு மேற்பார்வையாளரைச் சாட்சிப் பட்டியலில் சேர்க்கவும் தோன்றவில்லை. ஒரே மாலையில் ஒரு சாட்சி கிடைத்துவிட்டார்.

இதற்குப் பின்னால் ஆராய்ச்சியும் இருக்கிறது. நான்சி பென்னிங்டன், ரீட் ஹேஸ்டி என்ற இரு உளவியலாளர்கள் 1980-களில் காட்டியது இது: ஜூரியில் இருப்பவர்கள் சாட்சியங்களைத் தராசில் ஒவ்வொன்றாக எடைபோடுவதில்லை, கேட்டதை வைத்து ஒரு கதையைக் கட்டிக்கொள்கிறார்கள். அவர்களுடைய ஒரு சோதனையில், அரசுத் தரப்பின் சாட்சியம் கதை வரிசையிலும் எதிர்த்தரப்பினுடையது சாட்சி வரிசையில் சிதறலாகவும் வந்தபோது, பங்கேற்றவர்களில் 78 சதவீதம் பேர் குற்றவாளி என்றார்கள். அதே சாட்சியங்களை மாற்றிப்போட்டு எதிர்த்தரப்பைக் கதை வரிசையில் வைத்தபோது அது 31 சதவீதமானது. சாட்சியத்தில் ஒரு வரி மாறவில்லை. உங்கள் கதையில் எங்கே ஓட்டை இருக்கிறது, அந்த ஓட்டையைக் கேட்பவர்கள் எதைப் போட்டு அடைக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடிக்கும் இடம்தான் ஃபோகஸ் குரூப்.

ஃபோகஸ் குரூப்பை எப்படி நடத்துவது?

நடத்துகிறவர் வழக்கை வாதாடப் போகும் வக்கீலாக இல்லாமல் இருப்பது நல்லது. அவர் நடத்தினால், தன்னை அறியாமலே வாதாட ஆரம்பித்துவிடுவார். யாராவது தவறாகப் புரிந்துகொண்டால் "இல்லையில்லை, விஷயம் என்னவென்றால்" என்று திருத்தப் பார்ப்பார். அந்த நிமிடமே அந்த மாலை வீண். தவறாகப் புரிந்துகொள்வதைக் கேட்கத்தானே அவர்களை அழைத்தோம்?

எந்தத் தரப்பு இதை நடத்துகிறது என்று சொல்லக் கூடாது. தெரிந்தால், கூலி கொடுப்பவர் மனம் நோகக் கூடாது என்று மரியாதைக்குப் பேசுவார்கள்.

விவரங்களைத் துண்டு துண்டாகக் கொடுக்க வேண்டும், அதிலும் நமக்குப் பாதகமானதை முதலில். "பெட்ரோல் பங்கில் ஒருவருக்குக் கத்திக்குத்து, இன்னொருவர் ஓடிவிட்டார்" என்று செய்தித்தாள் வாசிப்பது போலச் சொல்லி நிறுத்துங்கள். என்ன நடந்திருக்கும் என்று கேளுங்கள். என்னென்ன தெரிந்துகொள்ள ஆசை என்று கேட்டுப் பலகையில் எழுதுங்கள். அந்தப் பட்டியல்தான் அன்றைய வருமானம், பின்னால் தொடக்க உரையின் எலும்புக்கூடு அதிலிருந்தே வரும். பிறகு அடுத்த துண்டு. ஒவ்வொரு கட்டத்திலும், பேச்சு ஆரம்பிக்கும் முன்னால் ஒவ்வொருவரும் தாளில் தன் கருத்தை எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் குரல் பெரிதாக உள்ள ஒருவர் சொல்வது எல்லோருடைய கருத்தாகிவிடும்.

அவர்கள் பயன்படுத்தும் சொற்களை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். வக்கீல் "பிரதிவாதி அச்சத்துக்கு உள்ளானார்" என்று எழுதி வைத்திருப்பார். ஓர் அம்மா "பின்னால் சுவர், போக வழியே இல்லை அந்தப் பையனுக்கு" என்பார். நீதிமன்றத்தில் எது ஒலிக்க வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் ஒரே குழுவிடம் சோதிக்க ஆசைப்படாதீர்கள். ஒரு குழுவுக்கு ஒன்றிரண்டு கேள்வி போதும்.

மாதிரி விசாரணை நாளில் என்ன நடக்கும்?

பெரும்பாலும் ஒரு முழு நாள். காலையில் பின்னணிக் கேள்வித்தாளும் ரகசிய உறுதிமொழியும். பிறகு இரு தரப்புத் தொடக்க உரை, முக்கியச் சாட்சிகள் நேரிலோ வீடியோவிலோ சுருக்கமாக, நிறைவுரை, சட்ட விளக்கம். பங்கேற்பாளர்களை இரண்டு மூன்று குழுவாகப் பிரித்துத் தனித்தனி அறையில் விவாதிக்க விடுவார்கள். ஒரே வாதத்தைக் கேட்ட இரண்டு குழு இரண்டு விதமாக முடிவெடுப்பது சாதாரணமாக நடக்கும். ஏன் பிரிந்தது என்று தோண்டுவதில்தான் பலன்.

நான் வலியுறுத்திச் சொல்வது ஒன்று: அலுவலகத்தின் மிகத் திறமையான வக்கீல் அரசுத் தரப்பாக நிற்க வேண்டும். பல இடங்களில் நேற்று சேர்ந்த இளையவரிடம் "நீ பிராசிக்யூட்டராக நில்லு" என்று கோப்பைக் கொடுத்துவிடுகிறார்கள். எதிர்த்தரப்பு சுலபமாக ஜெயிக்கிறது, எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். உண்மையான விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவர்தான் அதற்கு விலை கொடுக்கிறார். மாதிரியில் தோற்பதற்காகவே வைப்பது இது. அடி அங்கே விழட்டும்.

விவாத அறையில் தனியாக நிற்கும் ஆளைக் கவனியுங்கள். கடுமையான குற்ற வழக்குகளில் ஜூரி ஒருமனதாகத்தான் தண்டிக்க முடியும். லூசியானாவும் ஒரிகனும் 10-2 தீர்ப்பை ஏற்றுவந்த வழக்கத்தையும் 2020-ல் ராமோஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. பதினொரு பேர் ஒரு பக்கம் நிற்கும்போது ஒருவர் எந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்? அவர் எந்த வாக்கியத்தைக் கேட்டு மனம் மாறினார்? அந்தக் காரணத்தை நிறைவுரையில் அவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே சோதிக்கலாம். பெரிய குற்றச்சாட்டோடு சேர்த்து, அதைவிடச் சிறிய குற்றத்தையும் ஜூரி பரிசீலிக்கலாம் என்று நீதிபதியிடம் கேட்பதா வேண்டாமா என்பது எதிர்த்தரப்பின் தலைவலிகளில் ஒன்று. கேட்டால், விடுதலை செய்ய இருந்தவர்களும் நடுவில் வந்து சமாதானம் ஆகிவிடலாம். கேட்காவிட்டால், எதற்காவது தண்டிக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் பெரிய குற்றத்துக்கே போய்விடலாம். ஒரு குழுவுக்குச் சிறிய குற்றத்தைக் கொடுத்தும், இன்னொரு குழுவுக்குக் கொடுக்காமலும் பார்த்தால், அறைக்குள் எந்தப் பேரம் நடக்கிறது என்று கண்ணால் காணலாம்.

பங்கேற்பாளர்கள் எங்கிருந்து வருவார்கள்?

உண்மையான ஜூரி எந்தக் கவுன்டியிலிருந்து (நம் மாவட்டம் மாதிரி) வருமோ, அந்தக் கவுன்டியின் சாயல் வேண்டும்: வயது, தொழில், இனம், படிப்பு. நண்பர்கள், உறவினர்கள், வக்கீல் அலுவலக ஊழியர்கள் கூடாது. வழக்கு ஊரெல்லாம் பேசப்பட்டதாக இருந்தால், அதே மாதிரி மக்கள் வாழும் பக்கத்துக் கவுன்டிக்குப் போவது பாதுகாப்பு.

எல்லைக்கோடு ஒன்று உண்டு. இந்த வழக்கின் ஜூரிக்கு அழைக்கப்பட்டவர்களோடு வக்கீல் தரப்பு பேசவே கூடாது. தெரியாமல்கூட அது நடந்துவிடாமல் இருக்க, அழைப்புகள் போவதற்கு வெகு முன்பே இதை முடித்துவிட வேண்டும், ஜூரி அழைப்பு கையில் வைத்திருப்பவர்களை வடிகட்ட வேண்டும். பங்கேற்றவர்களின் பெயர்ப் பட்டியலையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சிக் கூண்டில் ஏறலாமா? இதை மாதிரி விசாரணை சொல்லுமா?

இந்த ஒரு கேள்விக்காகவே மாதிரி விசாரணை வைக்கலாம். அவர் பேசாமல் இருப்பது அரசியல் சாசன உரிமை. 1965-ன் கிரிஃபின் தீர்ப்பின்படி அந்த மௌனத்தை அரசுத் தரப்பு சுட்டிக்காட்டவே கூடாது. ஆனாலும் மாதிரி ஜூரி அறைகளில் "அவன் வாயிலிருந்து கேட்கவில்லையே" என்ற பேச்சு வரத்தான் செய்யும். இன்னொரு பக்கம், ஏறினால் குறுக்கு விசாரணை.

எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் கைல் ரிட்டன்ஹவுஸ் வழக்கு. 2020 ஆகஸ்டில் விஸ்கான்சினின் கெனோஷாவில், கலவரத்தின் நடுவே மூன்று பேரைச் சுட்டார், அவர்களில் இருவர் இறந்தார்கள். தற்காப்பு என்பது வாதம். அவருடைய வக்கீல் மார்க் ரிச்சர்ட்ஸ் தீர்ப்புக்குப் பிறகு வெளிப்படையாகச் சொன்னார்: இரண்டு மாதிரி ஜூரி வைத்தோம், ஒன்றில் அவர் சாட்சி சொன்னார், இன்னொன்றில் சொல்லவில்லை, சொன்ன இடத்தில் முடிவு எவ்வளவோ மேலாக இருந்தது என்று. 2021 நவம்பரில் அவர் கூண்டில் ஏறினார், எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் விடுதலையானார். அந்தத் தீர்ப்பைப் பற்றி அமெரிக்கா இன்னும் இரண்டாகப் பிரிந்துதான் நிற்கிறது. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. ஒரே ஒரு முடிவைத் தனியாகப் பிரித்தெடுத்துச் சோதித்தார்களே, அந்த முறையைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. குற்றம் சாட்டப்பட்டவர் வெளியாட்கள் முன்னால் தன் வாயால் நடந்ததைச் சொல்வது ஆபத்து இல்லாத காரியமல்ல. யாராவது வெளியே பேசிவிட்டால் அது அவருக்கு எதிராகத் திரும்பலாம். எந்தப் பகுதியைச் சொல்வது, யார் முன்னால், பதிவு எங்கே இருக்கும் என்பதை வக்கீல் முதலிலேயே தீர்மானிக்க வேண்டும்.

மாதிரி ஜூரி விடுதலை என்று சொல்லிவிட்டது. அப்படியென்றால் ஜெயிப்போமா?

தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். முப்பது பேரின் கருத்து புள்ளிவிவரம் ஆகாது. அவர்கள் கேட்டது ஒரு நாள் சுருக்கம்தான். உண்மையான விசாரணையில் வாரக்கணக்கில் சாட்சிகள் வருவார்கள், காயம்பட்டவரின் தாய் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார், நீதிபதி நாம் நம்பியிருந்த ஆவணத்தை ஏற்க மறுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, மாதிரி ஜூரிக்குத் தன் கையால் யாரும் சிறைக்குப் போகப் போவதில்லை என்பது தெரியும். ராபர்ட் மக்கூனும் நார்பர்ட் கெர்ரும் 1988-ல் மாதிரி ஜூரி ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விவாதத்தில் விடுதலைப் பக்கம் நிற்பவர்களுக்கே மற்றவர்களை இழுக்கும் வலு அதிகம் என்று கண்டார்கள். ஆக, மாதிரியில் கிடைக்கும் விடுதலையைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜோ-எலன் டிமிட்ரியஸ் என்ற ஜூரி ஆலோசகர் (ஜூரி எப்படி யோசிக்கும் என்று வக்கீல்களுக்குச் சொல்பவர்) 1995-ல், முன்னாள் மனைவியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட கால்பந்து நட்சத்திரம் ஓ. ஜே. சிம்ப்சனின் தரப்பில் இருந்தார், விடுதலை. மனைவியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஸ்காட் பீட்டர்சனின் தரப்பிலும் அவரே, 2004-ல் தண்டனை. ஆலோசகர் ஒருவர்தான், சாட்சியங்கள் வேறு.

அதே சிம்ப்சன் வழக்கில் அரசுப் பக்கம் நடந்ததையும் சொல்ல வேண்டும். அரசுத் தரப்புக்கு டொனால்ட் வின்சன் என்ற ஆலோசகர் கட்டணம் வாங்காமல் உதவ வந்தார். அவருடைய குழுக்களில் கறுப்பினப் பெண்கள் சிம்ப்சன் பக்கம் உறுதியாக நின்றார்கள், அரசு வக்கீல் மார்சியா கிளார்க்கை அவர்களுக்குப் பிடிக்கவும் இல்லை. மனைவியை அடித்தவன் என்றால் பெண்கள் நம் பக்கம்தான் இருப்பார்கள் என்று நம்பியிருந்த கிளார்க், அந்தத் தகவலை ஒதுக்கிவிட்டார். பத்துப் பெண்கள் இருந்த ஜூரி நான்கு மணி நேரத்துக்குள் விடுதலை என்றது. ஆலோசனையைக் கேட்டிருந்தால் தீர்ப்பு மாறியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கசப்பான பதில் வந்ததும் காதை மூடிக்கொள்வதாக இருந்தால் எதற்குக் கேட்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

இது சாட்சிக்குச் சொல்லிக்கொடுப்பது ஆகாதா?

நியாயமான கேள்வி. சாட்சியைத் தயார் செய்வது அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. எப்படி உட்காருவது, கேள்வி முடியும்வரை பொறுப்பது, தெரியாததைத் தெரியாது என்பது, இதெல்லாம் சரி. என்ன சொல்ல வேண்டும் என்று பொய்யைப் புகட்டினால் குற்றம். கட்சிக்காரர் பொய் சாட்சியம் சொல்லப் போகிறார் என்று தெரிந்தால் அதற்குத் துணைபோக வக்கீலுக்குக் கடமை கிடையாது என்று 1986-ல் நிக்ஸ் எதிர் வைட்சைட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இங்கிலாந்தில் இன்னும் கடுமை: 2005-ன் மொமோடு தீர்ப்புக்குப் பிறகு குற்ற வழக்கில் சாட்சியை ஒத்திகை பார்ப்பதே கூடாது. லண்டனில் இருக்கும் உறவினர் "எங்கள் ஊரில் இதெல்லாம் இல்லை" என்றால் அவர் சொல்வது சரிதான்.

நடைமுறையில் ஒரு மயிரிழைக் கோடு இருக்கிறது. மாதிரி ஜூரிக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு சாட்சி தன் நினைவை மாற்றிக்கொள்ள ஆரம்பித்தால், அங்கேயே நிறுத்த வேண்டியது வக்கீலின் பொறுப்பு.

இதில் பேசியதை அரசுத் தரப்பு கேட்டு வாங்க முடியுமா?

பொதுவாக முடியாது. விசாரணைக்காக வக்கீல் தரப்பு உருவாக்கும் தயாரிப்புகளுக்குப் பாதுகாப்பு உண்டு. 1947-ன் ஹிக்மன் வழக்கில் அது வந்தது, 1975-ன் நோபிள்ஸ் வழக்கு அது குற்ற வழக்குகளுக்கும் பொருந்தும் என்றது. ஆனால் அதே நோபிள்ஸ் வழக்கில், எதிர்த்தரப்பு தன் புலனாய்வாளரைச் சாட்சியாக ஏற்றியதால், அவருடைய அறிக்கையின் அந்தப் பகுதிக்கான பாதுகாப்பு போய்விட்டது. அதனால் ஆலோசகரை வக்கீலே அமர்த்த வேண்டும், குடும்பத்தார் நேரடியாகப் போய் ஏற்பாடு செய்யக் கூடாது. வீடியோவை வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்பக் கூடாது. இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அனுப்புகிறார்கள்.

எவ்வளவு செலவாகும்? எங்களிடம் அவ்வளவு இல்லை.

ஆலோசகர், வாடகைக் கூடம், கேமரா என்று முழு மாதிரி விசாரணைக்குப் பல பத்தாயிரம் டாலர் ஆகலாம். ஃபோகஸ் குரூப் அவ்வளவு இல்லை. வக்கீலே ஏற்பாடு செய்து, நூலகத்திலோ சமூகக் கூடத்திலோ ஓர் அறை எடுத்து, பத்துப் பேருக்கு மாலைக்கூலியும் சாப்பாடும் கொடுத்தால் போதும். அரசு செலவில் வாதாடும் பப்ளிக் டிஃபெண்டர்களும் இப்படிச் சிக்கனமாக நடத்துகிறார்கள். கூட்டாட்சி நீதிமன்றத்தில் வசதியற்றவருக்கு, வக்கீல் தவிர்த்த நிபுணர் உதவிக்கும் நிதி கேட்டு மனுப்போடச் சட்டத்தில் இடமிருக்கிறது. நீதிபதி தருவாரா என்பது வழக்கைப் பொறுத்தது, ஆனால் கேட்காமல் விடக் கூடாது.

பணம் ஒரு தடவைக்குத்தான் இருக்கிறது என்றால், என் கணிப்பில் கடைசி நேரத்தில் வைக்கும் ஆடம்பர மாதிரி விசாரணையைவிட, ஆரம்பத்திலேயே வைக்கும் இரண்டு சின்ன ஃபோகஸ் குரூப் பிரயோஜனம். புதுச் சாட்சியைத் தேட அப்போதுதான் நேரம் இருக்கும்.

வழக்கு விசாரணைக்கே போகாமல் பேரத்தில் முடிந்தால் எல்லாம் வீணா?

இல்லை. அமெரிக்காவில் விசாரணைதான் அபூர்வம். கூட்டாட்சித் தண்டனைகளில் 97 சதவீதமும் மாநிலங்களில் 94 சதவீதமும் குற்றத்தை ஒப்புக்கொண்டு வந்தவை என்று 2012-ல் உச்ச நீதிமன்றமே எழுதியது. "மூன்று வருடம், ஒப்புக்கொள்" என்று அரசுத் தரப்பு சொல்லும்போது, ஏற்பதா மறுப்பதா என்ற முடிவு வக்கீலுடையது அல்ல, கூண்டில் நிற்பவருடையது. அந்த மனிதர் இருட்டில் முடிவெடுக்கக் கூடாது. தன் கதையைக் கேட்ட மூன்று குழுவும் ஏன் நம்பவில்லை என்பதை வீடியோவில் பார்த்துவிட்டு, அழுதுவிட்டு, பேரத்துக்குச் சம்மதிப்பவர் உண்டு. எதிர்மாறாக, பயத்தில் ஒப்புக்கொள்ள இருந்தவருக்கு நிமிர்ந்து நிற்கத் தைரியம் வருவதும் உண்டு.

ஜூரியைத் தேர்ந்தெடுக்க உதவுமா?

ஓரளவு. யாரை வேண்டாம் என்பது என்று சொல்வதைவிட, என்ன கேள்வி கேட்பது என்று சொல்வதில்தான் இது கெட்டி. கூட்டாட்சி நீதிமன்றத்தில் சாதாரணக் கடுங்குற்ற வழக்கில் எதிர்த்தரப்பு காரணம் சொல்லாமல் பத்துப் பேரையும், அரசுத் தரப்பு ஆறு பேரையும் நீக்கலாம். இனத்தை வைத்து நீக்கக் கூடாது என்று 1986-ன் பேட்சன் தீர்ப்பும், பாலினத்தை வைத்து நீக்கக் கூடாது என்று 1994-ன் தீர்ப்பும் சொல்கின்றன. அரிசோனா 2022-லிருந்து காரணமின்றி நீக்கும் உரிமையையே எடுத்துவிட்டது. அதனால் "இந்த மாதிரி ஆள் வேண்டாம்" என்ற பட்டியலோடு வரும் ஆலோசகரிடம் ஜாக்கிரதை. நம் கற்பனை வழக்கில் குழுக்கள் கற்றுத்தந்தது வேறு: "ஆபத்தான இடத்திலிருந்து யோசிக்காமல் ஓடிவந்த அனுபவம் உங்களுக்கு உண்டா?" என்று எல்லோரிடமும் கேள். கை தூக்குபவர் யார், "நான் நின்று போலீஸைக் கூப்பிடுவேன்" என்பவர் யார் என்று பார்.

இணையத்தில் நடத்தலாமா?

நடத்தலாம். கொரோனாவுக்குப் பிறகு சூம் வழியாக நடத்துவது சகஜம், செலவும் குறைவு. ஃபோகஸ் குரூப்புக்குப் போதுமானது. ஆனால் திரையைப் படம் எடுப்பவரைத் தடுப்பது கடினம், அறைக்குள் ஒருவர் இன்னொருவரைப் பார்வையால் அடக்குவதும் திரையில் தெரியாது.

அமெரிக்காவில் வசிக்கிறேன். மாதிரி ஜூரியாக வரச் சொல்லி எனக்கே விளம்பரம் வந்தது. போகலாமா?

போகலாம். உண்மையான ஜூரிக்குத் தகுதியானவர்களைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள்: 18 வயது முடிந்த அமெரிக்கக் குடிமகன், அந்தக் கவுன்டியில் வசிப்பவர். க்ரீன் கார்டு மட்டும் இருந்தால் பொதுவாக எடுக்க மாட்டார்கள். பணம் கட்டச் சொன்னால் அது மோசடி, அவர்கள்தான் உங்களுக்குத் தர வேண்டும். ரகசிய உறுதிமொழியில் கையெழுத்துப் போட்ட பிறகு வீட்டில்கூடப் பேசக் கூடாது. உங்களுக்கு ஏற்கெனவே ஜூரி அழைப்பு வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அறைக்குள் நம்மவர்கள் பலர் மரியாதைக்காக வாயைத் திறப்பதில்லை, மற்றவர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். புரியாத இடத்தில் புரியவில்லை என்று சொல்லுங்கள். நம்பிக்கை வரவில்லை என்றால் எந்த இடத்தில் போனது என்று சொல்லுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் பேனாவோடு ஒருவர் அதற்காகத்தான் காத்திருக்கிறார்.